மே 11க்குப் பிறகு டெலிஹெல்த் கிளெய்ம் அனுப்பலாமா? கோவிட் அவசரநிலை முடிவுக்கு அமெரிக்கக் கிளினிக்குகள் தயாராவது பற்றி

கேள்வி, 12 பிப்ரவரி 2023

சென்னையில் அமெரிக்க மருத்துவ பில்லிங் நிறுவனம் ஒன்றில் இரவு ஷிஃப்டில் வேலை பார்க்கிறேன். மே 11ஆம் தேதியோடு கோவிட் பொதுச் சுகாதார அவசரநிலை முடிகிறது என்றும், மறுநாள் முதல் டெலிஹெல்த் (வீடியோ, தொலைபேசி வழி மருத்துவ ஆலோசனை) கிளெய்ம், அதாவது காப்பீட்டிடம் பணம் கேட்கும் விண்ணப்பம், எதையும் அனுப்பக் கூடாது, அனுப்பினால் எல்லாமே டினையல் ஆகும் (மறுக்கப்படும்) என்றும் எங்கள் டீம் லீடர் சொல்கிறார். இது சரிதானா? கிளினிக்குகளின் பக்கத்தில் என்ன தயாரிப்பு நடக்கிறது என்று அங்கே இருப்பவர்கள் சொல்ல முடியுமா?

13 பிப்ரவரி 2023

சரியல்ல. நியூ ஜெர்சியில் ஒரு சிறிய குடும்ப மருத்துவக் கிளினிக்கின் அலுவலகப் பொறுப்பு என்னிடம் இருப்பதால், இதே கேள்வியை எங்கள் மருத்துவர்களும் முன்மேசைப் பணியாளர்களும் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அவசரநிலை 2020 ஜனவரி 31 அன்று அறிவிக்கப்பட்டு, 90 நாட்களுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்பட்டு வந்தது. மே 11 அன்று அதை முடிப்பதாக வெள்ளை மாளிகை இந்த ஆண்டு ஜனவரி 30 அன்று தெரிவித்தது. சுகாதாரத் துறைச் செயலர் சேவியர் பெசெரா பிப்ரவரி 9 அன்று மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார். ஆனால் மெடிகேர் (முதியோர் உள்ளிட்டோருக்கான மத்திய அரசுக் காப்பீடு) தரும் டெலிஹெல்த் சலுகைகள் இப்போது இந்த அறிவிப்பை நம்பி இருக்கவில்லை. 2022 டிசம்பர் 29 அன்று கையெழுத்தான நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் அவற்றுள் பெரும்பாலானவற்றை 2024 டிசம்பர் 31 வரை நீட்டித்துவிட்டது. நோயாளி தம் வீட்டிலிருந்தே பேசலாம், நகரத்தில் வசிப்பவராகவும் இருக்கலாம், வீடியோ வசதி இல்லாதவருக்குத் தொலைபேசி வழி ஆலோசனையும் தொடரும். தொற்றுக்கு முன் இருந்த விதியை நினைத்துப் பாருங்கள்: பொதுவாகக் கிராமப்புற நோயாளிக்கு மட்டுமே அனுமதி, அவரும் அங்குள்ள ஒரு மருத்துவ நிலையத்துக்குப் போய் உட்கார்ந்துதான் தொலைவிலுள்ள மருத்துவரிடம் பேச முடியும். அந்த நிலை மே 12 அன்று திரும்பப் போவதில்லை.

இந்தச் சலுகைகள் ஒரே பந்தலில் படர்ந்த கொடிகளைப் போன்றவை. மேலே பின்னிக் கிடந்தாலும் ஒவ்வொன்றின் வேரும் வேறு இடத்தில் இருக்கிறது. சில அவசரநிலை அறிவிப்பில், சில நாடாளுமன்றச் சட்டத்தில், சில மாநிலச் சட்டத்தில், சில தனியார் காப்பீட்டு நிறுவனத்தின் விருப்பத்தில் வேரூன்றியுள்ளன. மே 11 அன்று எந்த வேர் வெட்டப்படுகிறது என்று பார்ப்பதே தயாரிப்பின் முதல் வேலை.

14 பிப்ரவரி 2023

டீம் லீடரிடம் காட்ட ஏதாவது வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். பில்லிங்கில் உண்மையாகவே மாறுபவற்றைச் சொல்கிறேன்.

கோவிட் பரிசோதனை தொடர்பான வருகைகளுக்கு நோயாளி கட்ட வேண்டிய பங்கைத் தள்ளுபடி செய்யப் பயன்படுத்திய சி.எஸ். மாடிஃபையர் (கிளெய்மில் சேவைக் குறியீட்டோடு சேர்க்கும் துணைக் குறி) மே 11க்குப் பிந்தைய சேவைத் தேதிகளுக்குப் பொருந்தாது. மெடிகேர் டெலிஹெல்த்துக்கு 95 மாடிஃபையரையும், நேரில் பார்த்திருந்தால் போட்டிருக்கக்கூடிய இடக் குறியீட்டையும் இடும் முறை இந்த ஆண்டு இறுதி வரை தொடரும். தொலைவிலிருந்து இரத்த அழுத்தம், சர்க்கரை அளவுகளைக் கண்காணிக்கும் சேவையில் இரண்டு மாற்றங்கள் உள்ளன. ஏற்கெனவே கிளினிக்கின் நோயாளியாக இருப்பவருக்கு மட்டுமே இனி அதைத் தொடங்கலாம். கோவிட் நோயாளிகளுக்கு 2 நாள் அளவீடு போதும் என்று இருந்த தளர்வு போய், 30 நாட்களில் 16 நாள் அளவீடு என்ற பழைய விதி எல்லோருக்கும் திரும்புகிறது.

தனியார் காப்பீடுகளைப் பற்றி மெடிகேரை வைத்து முடிவு கட்டாதீர்கள். அவற்றின் டெலிஹெல்த் விதிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஒவ்வொன்றுக்கும் எழுத்து வடிவில் பதில் வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும்.

18 பிப்ரவரி 2023

நேற்று எங்கள் மருத்துவர்களில் ஒருவர், "நாம் மூன்று ஆண்டுகளாகப் பழகிய எதையெல்லாம் சலுகை என்பதையே மறந்துவிட்டோம்?" என்று கேட்டார். சிறந்த கேள்வி. தொற்று தொடங்கிய பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்கள் எங்களிடம் பாதிப் பேர். அவர்களுக்குத் தளர்வுதான் நடைமுறை. பழைய விதியை அவர்கள் பார்த்ததே இல்லை. ஆகவே எந்தத் தளர்வு எப்போது முடிகிறது என்று அட்டவணை போடும் வேலையை மேலாளர் தனியாக உட்கார்ந்து செய்யக் கூடாது என்று முடிவு செய்தேன். முன்மேசை, செவிலியர், மருத்துவர், பில்லிங் என ஒவ்வொருவரும் தம் அன்றாட வேலையை ஒரு வாரம் எழுதித் தருகிறார்கள். 2020க்கு முன் இருந்த பழைய பணியாளர் ஒருவர் அவற்றைப் படித்து, எது முன்பு இல்லாதது என்று குறிக்கிறார்.

26 பிப்ரவரி 2023

போதைப்பொருள் தடுப்பு நிறுவனமான டி.இ.ஏ. நேற்று முன்தினம் புதிய விதிமுறை வரைவுகளை அறிவித்திருக்கிறது. கட்டுப்பாட்டுக்குரிய மருந்துகளை எழுதித் தருவதற்கு முன் நோயாளியை ஒரு முறையாவது நேரில் பார்த்திருக்க வேண்டும் என்பது 2008ஆம் ஆண்டின் ரயன் ஹெய்ட் சட்டம். அவசரநிலையின்போது இது தளர்த்தப்பட்டிருந்தது. வரைவின்படி, நேரில் பார்க்காத நோயாளிக்கு நார்காட்டிக் வகையில் சேராத சில மருந்துகளையும், ஓபியாய்டு அடிமைத்தனத்துக்கான புப்ரெனார்ஃபினையும் 30 நாள் அளவுக்கு மட்டும் டெலிஹெல்த் வழியே தொடங்கலாம். அதற்கு மேல் தொடர நேரில் பார்க்க வேண்டும். கவனக்குறைபாட்டுக்குத் தரும் ஊக்க மருந்துகள் போன்றவற்றுக்கு அந்த 30 நாளும் கிடையாது.

எனக்குக் கவலை புப்ரெனார்ஃபின் பற்றித்தான். அதை எழுதுவதற்கு மருத்துவர்கள் தனி அனுமதி பெற வேண்டும் என்ற தடையை டிசம்பர் மாதச் சட்டம்தான் நீக்கியது. ஒரு கதவைத் திறந்து இரண்டே மாதத்தில் இன்னொரு கதவைச் சாத்தினால், மருந்து நின்றுபோகும் நோயாளி மீண்டும் தெருவில் கிடைப்பதைத் தேடிப் போவார். இது வெறும் வரைவுதான். ஆனாலும் நாங்கள் காத்திருக்கவில்லை. ஒரு முறை கூட நேரில் வராமல் இத்தகைய மருந்து வாங்கிக்கொண்டிருப்பவர்களின் பட்டியலை எடுத்து, ஏப்ரலுக்குள் எல்லோருக்கும் நேர்வருகை நேரம் ஒதுக்கத் தொடங்கியிருக்கிறோம்.

5 மார்ச் 2023

இதுவரை நான் எழுதியவை பெரும்பாலும் குறியீடுகளைப் பற்றியவை. அட்டவணையை முடித்துவிட்டுப் பார்க்கும்போது, நோயாளிக்கு உண்மையான ஆபத்து அவற்றில் இல்லை என்று தோன்றுகிறது. ஆபத்து, குறைந்த வருமானம் உள்ளோருக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டின் புதுப்பித்தலில் இருக்கிறது; அதுவும் மே 11 அன்று இல்லை, ஏப்ரல் 1 அன்றே தொடங்குகிறது.

2020 மார்ச் மாதச் சட்டம் மாநிலங்களுக்குக் கூடுதல் மத்திய நிதியாக 6.2 சதவீதப் புள்ளிகளைக் கொடுத்தது. அதற்குப் பதிலாக, அவசரநிலை முடியும் வரை யாரையும் மெடிகெய்டிலிருந்து நீக்கக் கூடாது என்று நிபந்தனை விதித்தது. 2020 பிப்ரவரியில் ஏறத்தாழ 7.1 கோடியாக இருந்த மெடிகெய்ட், குழந்தைகள் நலக் காப்பீடு ஆகியவற்றின் பயனாளிகள் இன்று 9 கோடிக்கும் மேல். டிசம்பர் 2022 சட்டம் இந்த நிபந்தனையை அவசரநிலையிலிருந்து பிரித்து மார்ச் 31ஓடு முடித்துவிட்டது. ஏப்ரல் முதல் மாநிலங்கள் அனைவரின் தகுதியையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். ஏறத்தாழ 1.5 கோடிப் பேர் காப்பீட்டை இழப்பார்கள் என்றும், அவர்களில் 68 லட்சம் பேர் தகுதி இருந்தும் நடைமுறைக் காரணங்களால் இழப்பார்கள் என்றும் சுகாதாரத் துறையே கடந்த ஆண்டு மதிப்பிட்டது.

அந்த 68 லட்சம் என்ற எண்ணை நான் எங்கள் முன்மேசையில் எழுதி ஒட்டியிருக்கிறேன். தகுதியிருந்தும் ஏன் இழக்கிறார்கள்? வீடு மாறியிருப்பார்கள், கடிதம் பழைய முகவரிக்குப் போயிருக்கும். ப்ரீபெய்ட் தொலைபேசி எண் மாறியிருக்கும். வந்த உறையை விளம்பரம் என்று எண்ணித் தூக்கி எறிந்திருப்பார்கள். மூன்று ஆண்டுகளாக யாரும் எதையும் கேட்கவில்லை. 2020க்குப் பிறகு சேர்ந்த குடும்பங்கள் புதுப்பிப்புப் படிவம் என்ற ஒன்றைக் கண்ணால் கண்டதில்லை. உணவகத்தில் இரண்டு ஷிஃப்ட் வேலை பார்த்துவிட்டு வரும் ஒரு தாய், ஆங்கிலத்தில் பல பக்கம் அச்சிட்ட படிவத்தை உரிய நாளுக்குள் நிரப்பி அனுப்புவார் என்று எப்படி எதிர்பார்க்க முடியும்?

இங்கே ஒரு சிறிய கிளினிக்கால் செய்ய முடிந்தது நிறைய உண்டு. அரசிடம் இல்லாத புதிய முகவரி பெரும்பாலும் நம்மிடம் இருக்கிறது, ஏனென்றால் போன மாதம்தான் அந்தக் குழந்தை காய்ச்சலோடு நம்மிடம் வந்தது. எங்கள் மாநிலத்தில் மெடிகெய்டுக்கு நியூ ஜெர்சி ஃபேமிலிகேர் என்று பெயர். ஃபேமிலிகேர் அட்டை வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும், எதற்காக வந்தாலும், மூன்று கேள்விகள் கேட்கிறோம்: முகவரி மாறியதா, அதை ஃபேமிலிகேரில் மாற்றினீர்களா, கடிதம் ஏதாவது வந்ததா? மாற்றவில்லை என்றால் காத்திருக்கும் நேரத்திலேயே எங்கள் தொலைபேசியிலிருந்து அவர்களைப் பேச வைக்கிறோம். இதனால் ஒரு மணி நேரத்தில் பார்க்கும் நோயாளிகளின் எண்ணிக்கை குறைகிறது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். குறையட்டும் என்றேன், அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள்.

6 மார்ச் 2023

நேற்றைய குறிப்போடு சேர்த்துப் படிக்க வேண்டிய சில விதிகள். மாநிலம் முதலில் தன்னிடமுள்ள வருமானத் தரவுகளை வைத்துத் தானாகவே புதுப்பிக்க முயல வேண்டும். முடியாதபோதுதான் படிவம் அனுப்ப வேண்டும். திரும்பி வந்த ஒரே ஒரு கடிதத்தை வைத்து நீக்கக் கூடாது, வேறு வழியிலும் தொடர்பு கொள்ள முயன்றிருக்க வேண்டும். படிவம் தராததால் நீக்கப்பட்ட குழந்தைகளும் பெற்றோரும் 90 நாட்களுக்குள் படிவத்தைத் தந்தால் புதிய விண்ணப்பம் இல்லாமலேயே மறுபரிசீலனை செய்யப்படும். இந்த 90 நாள் விவரம் முன்மேசையில் இருப்பவர்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். "காப்பீடு போய்விட்டது" என்ற பதிலோடு ஒரு தாயைத் திருப்பி அனுப்பினால், மீட்டெடுக்க இருந்த வழியையும் அவருக்குச் சொல்லாமல் விட்டவர்கள் ஆவோம்.

உண்மையிலேயே தகுதி இழப்பவர்களுக்கு எங்கள் மாநிலத்தின் காப்பீட்டுச் சந்தையான கெட் கவர்ட் என்.ஜே. இருக்கிறது. அதன் முகவரி அச்சிட்ட தாள் எங்கள் மேசையில் உண்டு.

20 மார்ச் 2023

கோவையில் பில்லிங் பார்க்கும் ஒரு நண்பர் கேட்டது: "நோயாளி பென்சில்வேனியாவில் இருந்துகொண்டு உங்கள் மருத்துவரிடம் வீடியோவில் பேசினால் பில் போடலாமா?" இதற்கான பதில் மே 11இல் இல்லை. மருத்துவ உரிமம் நோயாளி அமர்ந்திருக்கும் மாநிலத்தின் சட்டத்துக்கு உட்பட்டது. தொற்றுக் காலத்தில் மாநிலங்கள் தந்த தளர்வுகளில் பல 2021, 2022 ஆண்டுகளிலேயே முடிந்துவிட்டன. நீட்டித்த மாநிலங்களும் தனித்தனி நிபந்தனைகள் விதித்துள்ளன. எங்களுக்கு இது அன்றாடச் சிக்கல், ஏனென்றால் டெலவர் ஆற்றின் பாலத்தைத் தாண்டினால் பென்சில்வேனியா, இன்னொரு பக்கம் நியூயார்க். கல்லூரிக்குப் போன பிள்ளைகள் ஃபிலடெல்ஃபியா விடுதியிலிருந்து அழைப்பார்கள். "இப்போது எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள்?" என்பதை ஒவ்வொரு அழைப்பின் தொடக்கத்திலும் கேட்டுப் பதிவு செய்யும்படி மாற்றிவிட்டோம். பதில் எங்கள் மருத்துவருக்கு உரிமம் இல்லாத மாநிலம் என்றால், வேறு தேதிக்கு நேரில் வரச் சொல்கிறோம்.

12 ஏப்ரல் 2023

நேற்று முன்தினம் அதிபர் பைடன் கையெழுத்திட்டதால் "அவசரநிலை முடிந்துவிட்டது" என்று செய்திகள் ஓடின. எங்கள் தொலைபேசி ஓயவில்லை. முடிந்தது 2020 மார்ச் 13 அன்று அறிவித்த தேசிய அவசரநிலை. நாம் பேசிக்கொண்டிருக்கும் பொதுச் சுகாதார அவசரநிலை வேறு சட்டத்தின் கீழ் வருவது. அது மே 11 வரை இருக்கிறது. சென்னையில் இருப்பவர்களும் எந்த மாற்றத்தையும் இப்போதே செய்துவிட வேண்டாம்.

நேற்று வந்த உண்மையான செய்தி இன்னொன்று. நோயாளியின் தனியுரிமையைக் காக்கும் ஹிப்பா விதிகளில், டெலிஹெல்த்துக்கு ஃபேஸ்டைம், ஸ்கைப், வாட்ஸ்அப் வீடியோ போன்றவற்றை நல்லெண்ணத்தோடு பயன்படுத்தினால் தண்டனை இல்லை என்ற தளர்வும் மே 11ஓடு முடிகிறது. ஆனால் மாறிக்கொள்ள ஆகஸ்ட் 9 வரை 90 நாள் அவகாசம் தந்திருக்கிறார்கள்.

30 ஏப்ரல் 2023

வாட்ஸ்அப் பற்றி விரிவாக எழுதும்படி கேட்டவருக்கு.

எங்கள் முதிய நோயாளிகளில் தமிழர்களும் குஜராத்திகளும் பலர். ஊரிலுள்ள உறவினர்களோடு தினமும் பேசுவதால் வாட்ஸ்அப் வீடியோவை அவர்கள் யார் உதவியும் இன்றி இயக்குவார்கள். 2020இல் அவர்களை மருத்துவரோடு இணைத்தது அதுதான். இப்போது ஹிப்பாவின்படி எங்களோடு ஒப்பந்தம் செய்துகொண்ட தளத்துக்கு அவர்களைக் கொண்டுவர வேண்டும். குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொட்டு, கேமராவுக்கு அனுமதி கொடுத்து, பெயரைத் தட்டச்சு செய்து உள்ளே வருவது 78 வயதுப் பாட்டிக்கு எளிதல்ல. மகள் வேலைக்குப் போயிருக்கும் பகல் பதினொரு மணிக்குத்தான் அவருக்கு நேரம் ஒதுக்கியிருப்போம்.

ஆகவே அவர்கள் நேரில் வரும் நாளில், மருத்துவரைப் பார்த்த பிறகு, செவிலியர் ஒருவர் அதே கட்டடத்தின் இன்னொரு அறையிலிருந்து அவர்கள் தொலைபேசிக்கு ஒத்திகை அழைப்பு விடுக்கிறார். இரண்டு தடவை செய்தால் பலருக்குப் பழகிவிடுகிறது. பழகாதவர்களைக் கட்டாயப்படுத்துவதில்லை. மெடிகேர் தொலைபேசி ஆலோசனைக்கு 2024 இறுதி வரை பணம் தருகிறது. அவர்கள் பட்டியலில் "குரல் மட்டும்" என்று குறித்துவிடுகிறோம்.

இன்னொரு கடினமான பேச்சு பணத்தைப் பற்றியது. டெலிஹெல்த்துக்கு நோயாளியின் பங்கைக் கிளினிக்குகள் தள்ளுபடி செய்தாலும் நடவடிக்கை எடுப்பதில்லை என்று 2020இல் மத்திய கண்காணிப்பு அலுவலகம் அறிவித்திருந்தது. மே 11க்குப் பின் அது இல்லை. மெடிகேரில் இந்த ஆண்டின் 226 டாலர் கழிவுத் தொகையும் (காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நோயாளியே கட்ட வேண்டியது), அதற்கு மேல் 20 சதவீதமும் நோயாளியின் பங்கு. துணைக் காப்பீடு இல்லாதவரிடம் அதை வாங்கியாக வேண்டும். மூன்று ஆண்டுகளாக இலவசமாகப் பேசியவருக்கு பில் தபாலில் போய்ச் சேர்ந்தால் அடுத்த முறை அவர் அழைக்கவே மாட்டார், இரத்த அழுத்தம் ஏறியபோதும். பில் போவதற்கு முன் மனிதர் ஒருவர் பேச வேண்டும். அதனால் நேரம் ஒதுக்கும் அழைப்பிலேயே தொகையைச் சொல்கிறோம். வசதியில்லை என்பவருக்கு அவருடைய நிலையைத் தனியாக ஆராய்ந்து, ஆவணத்தோடு சலுகை தருகிறோம். எல்லோருக்கும் பொதுவாகத் தள்ளுபடி செய்வதுதான் தடை.

10 மே 2023

பிப்ரவரி 26 குறிப்பைப் படிப்பவர்கள் இதையும் படிக்க வேண்டும். வரைவுக்கு 38,000க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்ததையடுத்து, டி.இ.ஏ. பழைய தளர்வை நவம்பர் 11 வரை முழுமையாக நீட்டித்திருக்கிறது. அதற்குள் டெலிஹெல்த் வழியே உறவு ஏற்பட்ட நோயாளிகளுக்கு 2024 நவம்பர் 11 வரை தொடரலாம். கடைசி நேரத்தில் வந்த அறிவிப்பு. நாங்கள் நேர்வருகைக்கு அழைத்த நோயாளிகள் சிலர் "வீணாக அலைந்தோமே" என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மூன்று ஆண்டுகளில் ஒரு முறையும் எடை பார்க்காத, இரத்தப் பரிசோதனை செய்யாத நோயாளிகள் அவர்களுள் இருந்தார்கள்.

12 மே 2023

முதல் நாள் அமைதியாகத்தான் கழிந்தது. ஒரே குழப்பம் தடுப்பூசி பற்றி. அவசரகாலப் பயன்பாட்டு அனுமதி தனிச் சட்டப் பிரிவின் கீழ் வருவதால் நேற்றோடு ரத்தாகவில்லை; அரசு வாங்கி வைத்த தடுப்பூசி இருப்பு உள்ளவரை இலவசம்தான். வீட்டுப் பரிசோதனைக் கருவிகளை மாதம் எட்டு வீதம் தனியார் காப்பீடுகள் தர வேண்டும் என்ற கட்டாயம்தான் நேற்றோடு முடிந்தது.

18 ஜூன் 2023

நீங்கள் சென்னையிலிருந்து எழுதிய செய்தி மகிழ்ச்சி தந்தது. ஆனால் எலிஜிபிலிட்டி (காப்பீடு செல்லுபடியாகிறதா என்ற) சரிபார்ப்பை வருகைக்கு ஒரு வாரம் முன்பு முடித்துவிடுகிறோம் என்று எழுதியிருந்தீர்கள். இந்த ஆண்டு அது போதாது. மெடிகெய்ட் பெரும்பாலும் மாதக் கடைசியில்தான் முடிகிறது. ஜூன் 28 அன்று செல்லுபடியாகும் என்று காட்டியவர் ஜூலை 3 அன்று வரும்போது காப்பீடு இல்லாதவராக இருப்பார். மாதத்தின் முதல் வேலை நாளில், அந்த மாதத்துக்கு நேரம் ஒதுக்கிய மெடிகெய்ட் நோயாளிகள் அனைவரின் தகுதியையும் மறுபடி சரிபாருங்கள். நீக்கப்பட்டவர்களின் பெயர்கள் அன்று காலையே கிளினிக்குக்குப் போக வேண்டும். எங்களுக்காக பில்லிங் பார்ப்பவர்கள் இரவில் இதைச் செய்து, நாங்கள் கதவைத் திறக்கும்போது பட்டியலைத் தயாராக வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரையும் அழைக்கிறோம். காப்பீடு போனதே தெரியாதவர்கள்தான் அதிகம். இன்சுலின் வாங்க மருந்துக் கடைக்குப் போய் அங்கே தெரிந்துகொள்வதைவிட, எங்கள் வாயிலாகத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு நாள் தாமதமானாலும், மார்ச் 6 அன்று சொன்ன 90 நாளில் ஒன்று குறைகிறது என்பதை உங்கள் டீமுக்குச் சொல்லுங்கள். நியூ ஜெர்சியில் ஒரு குழந்தைக்கு ஆஸ்துமா மருந்து நிற்காமல் கிடைப்பது, சென்னையில் இரவு இரண்டு மணிக்கு நீங்கள் திறந்து பார்க்கும் திரையையும் பொறுத்தது.

10 ஆகஸ்ட் 2023

வாட்ஸ்அப் அவகாசம் நேற்றோடு முடிந்தது. "குரல் மட்டும்" பட்டியல் நான் எதிர்பார்த்ததைவிட நீளம். அவர்களுள் சிலருக்கு நேர்வருகையே சிறந்தது என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள்; நானும் மெல்ல அந்தக் கருத்துக்கு வருகிறேன். ஆனால் வாகனம் ஓட்டத் தெரியாத முதியவரை யார் அழைத்து வருவது? இதற்கு இன்னும் எங்களிடம் வழியில்லை.

22 செப்டம்பர் 2023

மெடிகேர், மெடிகெய்ட் திட்டங்களைக் கவனிக்கும் மத்திய அமைப்பான சி.எம்.எஸ். நேற்று அறிவித்ததைப் பார்த்தீர்களா? மார்ச் 6 அன்று நான் எழுதிய தானியங்கிப் புதுப்பிப்பில் ஏறத்தாழ 30 மாநிலங்களில் பிழை இருந்திருக்கிறது. ஒவ்வொருவரின் தகுதியையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டிய கணினி, குடும்பத்தை மொத்தமாகப் பார்த்திருக்கிறது. குழந்தைகளுக்கான வருமான வரம்பு பெற்றோருடையதைவிட உயர்ந்தது. பெற்றோருக்குத் தகுதி இல்லாதபோதும் குழந்தைக்கு இருக்கும். அதைக் கவனிக்காமல், வீட்டில் ஒருவர் படிவம் தரவில்லை என்று குழந்தைகளையும் நீக்கிவிட்டார்கள். ஏறத்தாழ 5 லட்சம் பேருக்கு, அதிகமும் குழந்தைகளுக்கு, காப்பீடு திரும்பக் கிடைக்கப்போகிறது.

உங்கள் பக்கம் செய்ய வேண்டியது: ஏப்ரலுக்குப் பின் காப்பீடு முடிந்ததென்று டினையல் ஆன குழந்தைகளின் கிளெய்ம்களைத் தள்ளுபடிக் கணக்கில் எழுதிவிடாதீர்கள், பெற்றோருக்கு பில்லும் அனுப்பாதீர்கள். தனியே நிறுத்தி வைத்து, மாதந்தோறும் தகுதியை மறுபடி பாருங்கள். பின்தேதியிட்டுக் காப்பீடு திரும்பினால் மீண்டும் அனுப்பலாம். ஏற்கெனவே பணம் கட்டிவிட்ட பெற்றோர் இருந்தால் அந்தப் பட்டியலைத் தனியாக எடுத்துக் கிளினிக்குக்கு அனுப்புங்கள். நாங்கள் எங்களுடையதை நாளைக் காலை எடுக்கிறோம்.